காங்கேசன்துறையைக் காங்கேயம் என்று கேட்ட இயந்திரம்

காங்கேசன்துறையில் பிறந்து, அங்கிருந்த சீமெந்துத் தொழிற்சாலையில் தொழில் பார்த்து, 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உடுத்த உடையோடு ஊரை விட்டு வெளியேறிய பெரியவர் ஒருவரின் பேச்சு என்னிடம் ஒலிப்பதிவாக இருக்கிறது. மொத்தம் 47 நிமிடம். அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதும் பொறுமை இந்த வயதில் குறைந்துவிட்டபடியால், பேச்சை எழுத்தாக்கித் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றிடம் ஒப்படைத்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் பக்கம் பக்கமாக எழுதித் தந்துவிட்டது. முதல் வரியிலேயே பெரியவர் காங்கேயம் ஊரவராகியிருந்தார். காளைகளுக்குப் பெயர்பெற்ற, கடலைக் கண்டிராத கொங்குநாட்டுக் காங்கேயம்!

மேலும் வாசித்தேன். “பேந்து கோச்சியிலை ஏறினனாங்கள்” என்கிறார் பெரியவர். பின்னர் புகையிரதத்தில் ஏறினோம் என்பது பொருள். யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையினருக்குப் புகையிரதம் என்றால் கோச்சிதான். இயந்திரம் எழுதியது: “பேருந்து கொச்சியில் ஏறினோம்.” யாழ்தேவி 1956 ஏப்ரலில் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய காலத்தை நினைவுகூர்ந்த மனிதர், இயந்திரத்தின் கையில் கேரளத்தில் பேருந்து தேடுபவராகிவிட்டார். “உங்கை” என்று அவர் சொன்ன இடமெல்லாம் “உங்கள்” என்று விழுந்திருந்தது.

முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பிழைகளைத் தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவற்றுள் ஒன்றுகூடத் தாறுமாறான பிழை அல்ல. எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். தான் அறியாத சொல் ஒன்றைக் கேட்டபோதெல்லாம், தான் அறிந்த சொற்களுள் அதற்கு மிக நெருங்கியதை அந்த இயந்திரம் எழுதியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த செய்தியாளன் ஒருவன் தெரியாத ஊர்ப்பெயரைத் தெரிந்த ஊர்ப்பெயராக எழுதிக் கொண்டுவருவதைப் போன்றது இது. அப்படி எழுதியவர்களை நான் பலமுறை கடிந்திருக்கிறேன். அந்தச் செய்தியாளன் எங்கே படித்தான், யார் அவனுக்குக் காது கொடுத்தார் என்று கேட்பதுதான் முறை. ஆகவே இந்த இயந்திரத்தின் கல்விக் கதையைச் சற்றுத் தேடிப் படித்தேன். கணினித்துறை சார்ந்த வாசகர்கள் என் விளக்கத்தின் எளிமையைப் பொறுத்தருள்க.

கதை 1958 இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. கோர்னெல் ஆய்வுகூடத்தில் பிராங்க் ரோசன்பிளாற் என்ற உளவியலாளர் ‘பேர்செப்ட்ரோன்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். மூளையின் நரம்புக்கலங்களை மிக எளிமையாகப் பாவனை செய்த அந்த அமைப்பு, பிழைவிடும்போது தன் உள்ளே இருக்கும் எண்களைச் சற்றே மாற்றிக்கொள்ளும். பலமுறை பிழைவிட்டுப் பலமுறை மாற்றிக்கொண்டால் பிழை குறையும். அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் ஓர் அடுக்கு மட்டும் கொண்ட அந்த அமைப்பால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கடைசியில் தெரியும் பிழையைப் பின்னோக்கி அடுக்கடுக்காகப் பங்கிட்டுத் திருத்தும் முறையை ருமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 1986 இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கிய பின்னரே இத்துறை நிமிர்ந்தது. ‘ஆழ்கற்றல்’ என்று இன்று சொல்லப்படுவதில் உள்ள ஆழம் அந்த அடுக்குகளின் ஆழமே. அதில் ஞானத்தின் ஆழம் எதுவும் இல்லை.

எழுத்தை வாசிப்பதில்தான் இம்முறை முதலில் சோறு போட்டது. பெல் ஆய்வுகூடத்தில் யான் லெகுன் 1989 இல் கடித உறைகளில் கையால் எழுதப்பட்ட அஞ்சல் இலக்கங்களை வாசிக்க இத்தகைய வலை ஒன்றைப் பழக்கினார். 1990களில் அதன் வழிவந்தவை அமெரிக்க வங்கிகளில் காசோலைகளை வாசித்தன. பேச்சின் கதை வேறு. 2010 வரையிலும் பேச்சறியும் பொறி என்பது பல உறுப்புகளை ஒட்டிச் செய்த ஒன்றாகவே இருந்தது. ஒலிகளுக்கு ஒரு மாதிரி, சொற்களின் உச்சரிப்பைச் சொல்ல ஓர் அகராதி, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரும் என்பதற்கு ஒரு கணக்கு எனத் தனித்தனியே கட்ட வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் மொழியியலாளர் வேண்டும். பணமும் வேண்டும். எங்களைப் போன்றோருக்கு இரண்டும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

2006 இல் அலெக்ஸ் கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு வழியைக் காட்டினார்கள். எந்தக் கணத்தில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று குறித்துக் கொடுக்கத் தேவையில்லை. ஒலியைக் கொடு, அதற்குரிய எழுத்து வரியைக் கொடு, எது எதற்குரியது என்பதை வலையே கண்டுகொள்ளும் என்றது அந்த முறை. 2009 இல் நடந்த அனைத்துலகக் கையெழுத்து வாசிப்புப் போட்டிகளில் இதே முறையில் பயின்ற வலை அரபு எழுத்தை வாசிப்பதில் வென்றது. அதன் வெற்றிக்கு அரபு இலக்கணம் எதையும் எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை என்பதே செய்தி. படமும் சரியான எழுத்து வரியும் போதுமாயிருந்தன. இந்தச் ‘சரியான எழுத்து வரி’ என்ற சொற்றொடரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். என் சங்கடம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது.

அதன் பின் எல்லாம் விரைந்து நடந்தன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஹிண்டனின் மாணவர்கள் 2009 தொடக்கம் பேச்சொலிகளை ஆழ்வலைகளால் அறிந்து காட்டினர். 2012 இல் ரொறன்ரோ, மைக்ரோசொப்ட், கூகிள், ஐ.பி.எம். ஆகிய நான்கு குழுக்களும் சேர்ந்து, பழைய முறை இனி இல்லை என்பதற்கு ஒப்பான கட்டுரை ஒன்றை வெளியிட்டன. அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்து அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஹிண்டன் மூவரும் 12 இலட்சம் படங்களைக் கொண்டு பழக்கிய வலை, படங்களை இனங்காணும் போட்டியில் அடுத்த போட்டியாளர் 26.2 விழுக்காடு பிழைவிட்ட இடத்தில் 15.3 விழுக்காட்டோடு நின்றுகொண்டது. கணினி விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இரண்டு வரைகலைச் செயலிகள், ஐந்தாறு நாள் ஓட்டம். அவ்வளவே முதலீடு. ரொறன்ரோ மாநகரின் கிழக்கே ஸ்காபரோவில், வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்துபோன குடும்பங்கள் எத்தனையோ அப்போது வாழ்ந்துகொண்டிருந்தன. இயந்திரத்தின் காதும் கண்ணும் திறந்த அதே நகரத்தில், எங்கள் ஊர்ப் பேச்சு அடுக்குமாடிகளின் சமையலறைகளில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை.

வாசிக்கும் இயந்திரம் எங்களுக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நன்மையே அதிகம்.

யாழ்ப்பாணத்தின் முதல் செய்தித்தாளான ‘உதயதாரகை’ அமெரிக்க மிஷனரிமாரால் 1841 ஜனவரியில் தொடங்கப்பட்டது. காங்கேசன்துறையை அடுத்துள்ள குரும்பசிட்டியின் மைந்தர் நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ 1958 வரை சுன்னாகத்திலிருந்து வெளிவந்தது. இப்படி ஏறத்தாழ 180 ஆண்டுகளாக எங்கள் குடாநாடு தன்னைத்தானே அச்சில் எழுதிவந்திருக்கிறது. ஆனால் அந்த அச்சு இன்றைய இயந்திரத்திற்கு எளிதன்று. ணை, லை, ளை, னை என்பவற்றைத் துதிக்கை வைத்தும், ணா, றா, னா என்பவற்றைச் சுழித்தும் எழுதிய காலத்து எழுத்துகள் அவை. தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின் வந்த அச்சுகளை மட்டும் பார்த்துப் பழகிய இயந்திரத்துக்கு, எங்கள் பாட்டனார் படித்த பத்திரிகை பாதி புரியாத மொழியாகிவிடுகிறது.

தமிழைப் பொறிக்கு வாசிக்கக் கற்பிக்கும் முயற்சி நெடுங்காலமாக நடந்துவந்தது. 247 எழுத்துகளையும் 156 தனி வடிவங்களாகச் சுருக்கி, பலரின் கையெழுத்தில் திரட்டிய தொகுதி ஒன்றை எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வுகூடம் உருவாக்கியது. 2006 இல் பிரான்சில் நடந்த கருத்தரங்கு ஒன்றை ஒட்டி அதன்மேல் ஒரு போட்டியும் நடந்தது. எச்.பி. நிறுவனத்தில் 1980களில் பிறந்து 2005 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ‘டெசரக்ட்’ என்ற எழுத்துணரி, 2018 இல் வந்த நான்காம் பதிப்பில்தான் நரம்பு வலைக்கு மாறியது. அதற்கு முன்னரே, 2015 இல், த. சீனிவாசன் என்ற கணியர் எழுதிய சிறு நிரல் ஒன்று, நூற்பக்கங்களின் படங்களைக் கூகிளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வந்த எழுத்தைத் தமிழ் விக்கிமூலத்தில் சேர்த்துவந்தது. 2005 தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் படமாகக் குவிந்திருக்கின்றன. படமாக இருப்பதைச் சொல்லாக மாற்றினால்தான் தேட முடியும். எண்பது வயதுக்காரர் ஒருவர் தம் தகப்பனாரின் பெயரை ஒரு பழைய இதழில் தேடிக் கண்டெடுப்பது அதனால்தான் இயலும்.

எரிந்து போனதை மட்டும் எந்த இயந்திரமும் வாசிக்காது. 1981 ஜூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களோடு சுவடிகளும் எரிந்தன. ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. இதைப் பற்றிப் பலர் பலமுறை எழுதிவிட்டனர். நானும் எழுதியிருக்கிறேன். இன்று சொல்ல வந்தது எரிந்ததைப் பற்றி அல்ல. எரியாமல் மிஞ்சிய பத்திரிகைகளில் என்ன இல்லை என்பதைப் பற்றி.

நான் செய்தியாளனாகச் சேர்ந்த நாளிதழில் ஆசிரியர் மேசையின் இழுப்பறையில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. கோச்சி என்று வந்தால் புகையிரதம் என்று எழுதுக. பெடியன் என்றால் இளைஞன். கதைத்தார் என்றால் உரையாடினார். கெதியாக என்றால் விரைவாக. உங்கை, உது, உவர் எல்லாம் அங்கே, அது, அவர். நாங்கள் மனமொப்பியே அதைப் பின்பற்றினோம். பத்திரிகைத் தமிழ் செம்மையாக இருக்க வேண்டும், திருகோணமலையிலும் மலையகத்திலும் சென்னையிலும் ஒருங்கே விளங்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அது பிழையான கொள்கை என்று இன்றும் சொல்லமாட்டேன். இந்தப் பத்தியையே நான் பேசுவதுபோல் எழுதவில்லை அல்லவா? ஆனால் அதன் விளைவு ஒன்றுண்டு. மயிலிட்டி மீனவரும், மாவிட்டபுரத்து அர்ச்சகரும், சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளியும் எங்கள் பத்திரிகையில் ஒரே குரலில் பேசினார்கள். அது ஆசிரியர் மேசையின் குரல். மேற்கோள் குறிக்குள் இட்ட சொற்கள்கூட அவர்களுடையவை அல்ல.

மாறாகச் செய்தவர்கள் சிலர் இருந்தனர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட ‘நானாடகம்’ யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை ஏறத்தாழ அப்படியே தாளில் இறக்கியது. கொச்சை என்று முகஞ்சுளித்தவர்கள் உண்டு. இலங்கை வானொலியில் ‘சானா’வின் ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ போன்ற தொடர்கள் அந்தப் பேச்சை ஒலியாகவே நாடெங்கும் கொண்டுசென்றன. பேராசிரியர் சு. சுசீந்திரராசா 1967 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இலங்கைத் தமிழை விவரித்துக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டுகளுள் நடுவிலான உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது சமையலறையில் உயிரோடிருக்கிறது. ‘உது’ என்றால் கேட்பவருக்கு அண்மையில் இருப்பது. ‘உங்கை’ என்றால் நீ நிற்கும் இடத்தில். நாங்கள் எங்கள் பட்டியலைக் கொண்டு அதனை ‘அங்கே’ ஆக்கினோம். இயந்திரம் அதனை ‘உங்கள்’ ஆக்கியது. எங்களுக்கும் அதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

இயந்திரத்தின் பள்ளிக்கூடம் எது என்று தேடியபோதும் இதுவே கிடைத்தது. இன்று பேச்சறியும் பெரிய வலைகள் பல இரண்டு படிகளில் பயில்கின்றன. முதற்படியில் எழுத்து வேண்டாம், வெறும் ஒலி போதும். ஒலியின் சில பகுதிகளை மறைத்துவிட்டு, மறைந்தது என்னவென்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். 2020 இல் பேஸ்புக் நிறுவனத்து ஆய்வாளர்கள் இவ்வாறு 53,000 மணிநேர ஆங்கில ஒலியில் பயின்ற வலை ஒன்றுக்கு, எழுத்தோடு கூடிய ஒலி வெறும் 10 நிமிடம் கொடுத்தே வியக்கத்தக்க பயனைக் காட்டினர். அதே வழியில் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ‘ஏஐ4பாரத்’ குழு இந்தியத் துணைக்கண்டத்தின் 40 மொழிகளில் 17,000 மணிநேர ஒலியைத் திரட்டியது. திரட்டிய இடங்களுள் ஒன்று அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகள். மெற்றா நிறுவனம் 2023 இல் 1,100க்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்கும் வலையை வெளியிட்டது. அதற்குப் பாடநூலாக அமைந்தது புதிய ஏற்பாட்டின் வாசிப்பு. ஓப்பன்ஏஐ 2022 இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ 680,000 மணிநேரம் கேட்டது. அதில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குச் சேர்த்தே கிடைத்தது 117,000 மணிநேரம். செய்தி அறிக்கை, வேத வாசிப்பு, மேடைப் பேச்சு. எல்லாம் சொற்பட்டியலின் வழி நடந்து வந்தவை.

ஏஐ4பாரத் குழுவே இதை உணர்ந்து, 2024 இல் ‘இண்டிக்வொய்சஸ்’ என்ற தொகுதியை வெளியிட்டது. 145 மாவட்டங்களில் 16,237 பேரைத் தேடிச் சென்று, 22 மொழிகளில் 7,348 மணிநேரம், பெரும்பகுதி எழுதி வைத்து வாசிக்காத இயல்பான பேச்சாகவே பதிந்திருக்கிறார்கள். பாராட்டுக்குரிய பணி. அந்த 145 மாவட்டங்களும் இந்தியாவில் உள்ளவை, அதில் குறைகூற இடமில்லை. இந்திய மொழிகளுக்காக இந்தியாவில் செய்யப்பட்டது அது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல், ஆங்கிலத்தில் பயின்ற வலை ஒன்றின் துணைகொண்டு சிங்களத்திலும் தமிழிலும் வங்கி அலுவல் தொடர்பான குறுங்கட்டளைகளை இனங்காணச் செய்தார்கள். கையிருப்பில் உள்ள சிறிதளவு ஒலியைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிய முயற்சி அது. வங்கியில் மீதி கேட்பதற்கும், 1990 ஜூனில் எந்த ஒழுங்கையால் ஓடினீர்கள் என்று கேட்டு அறிவதற்கும் இடையே தூரம் உண்டு.

இந்த வலைகள் எதுவும் ஒரே கணினியில் பயிலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012 இல் கூகிள் நிறுவனம் ஆயிரம் இயந்திரங்களைப் பிணைத்து, 16,000 செயலிக் கருக்களைக் கொண்டு ஒரு கோடி படங்களில் ஒரு வலையைப் பழக்கியது. எவரும் சொல்லிக்கொடுக்காமலே அது பூனை முகத்தை இனங்கண்டது என்பது அந்நாளில் உலகச் செய்தி. 2017 இல் பேஸ்புக் ஆய்வாளர்கள் 256 வரைகலைச் செயலிகளை இணைத்து, முன்னர் நாட்கணக்கில் நடந்த படப் பயிற்சியை ஒரு மணிநேரத்தில் முடித்தார்கள். இதன் சூட்சுமம் எனக்கு விளங்கியது எங்கள் ஒப்புநோக்குநர் அறையை நினைத்த பிறகுதான். அந்தச் சொற்பட்டியலின் பிரதி ஒவ்வொரு ஒப்புநோக்குநரிடமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கட்டுரையைப் பார்க்கிறார்கள். பட்டியலில் எதை மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்குக் குறிக்கிறார்கள். குறிப்புகளை ஒன்றுசேர்த்துச் சராசரி கண்டு, எல்லாப் பிரதிகளிலும் ஒரே திருத்தத்தை ஏற்றிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகிறார்கள். இயந்திரங்கள் இதைச் செக்கனுக்குப் பலமுறை செய்கின்றன. பட்டியலுக்குப் பதிலாக எண்கள். அவ்வளவே வேறுபாடு.

இதன் ஒரு கிளை என்னைக் கவர்ந்தது. 2016 அளவில் கூகிள் ஆய்வாளர்கள் முன்வைத்த முறையில், தரவு அதன் உரியவரின் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. வலையின் பிரதி கைப்பேசிக்கு வருகிறது, அங்கேயே பயில்கிறது, திருத்தம் மட்டும் திரும்பிச் செல்கிறது. காங்கேசன்துறையின் நிலையும் இதுதானே. வலிகாமம் வடக்கின் மக்கள் 1990 இல் எழுந்தவர்கள். அவர்களின் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகி, போர் முடிந்த பின்னரே கட்டம் கட்டமாக விடுபடத் தொடங்கின. 1905 இல் கொழும்போடு முழுமையாக இணைந்த புகையிரதப் பாதையின் கடைசி நிலையத்துக்கு, மீண்டும் கோச்சி வந்தது 2015 ஜனவரியில். நாகப்பட்டினத்துக் கப்பல் 2023 ஒக்டோபரில் வந்தது. இடையில் ஒரு தலைமுறை முகாம்களிலும், கொழும்பிலும், ரொறன்ரோவிலும், இலண்டனிலும், பாரிசிலும் முதுமையடைந்துவிட்டது. ஊரின் பேச்சு ஊரில் இல்லை. வீடு வீடாகச் சிதறி, கலியாண வீட்டு வீடியோக்களிலும், ஊருக்கு அனுப்பிய ஒலிநாடாக் கடிதங்களிலும், இன்றைய வட்ஸ்அப் குரற்செய்திகளிலும் கிடக்கிறது. வீட்டு அந்தரங்கத்தை எவருக்கும் கையளிக்காமலே அதிலிருந்து கற்கலாம் என்கிறது இந்த முறை. நல்லது. ஆனால் திருத்தம் சொல்ல ஒருவர் வேண்டுமே. “பேருந்து கொச்சியில்” என்று இயந்திரம் எழுதும்போது, இல்லை, “பேந்து கோச்சியிலை” என்று தட்டெழுதத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைக்குப் பேச்சு விளங்குகிறது, எழுத்து வராது. பெரியவருக்கு எழுத்து வரும், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தபடி ‘பின்னர் புகையிரதத்தில்’ என்றே எழுதுவார். எங்கள் பத்திரிகையும் அவருக்கு அப்படித்தான் கற்பித்தது.

ஆகவே அந்த 47 நிமிடத்தையும் நானே எழுத உட்கார்ந்தேன். செம்மையாக்காமல், சொன்னது சொன்னபடி. நாற்பது ஆண்டுப் பழக்கத்தின் பின் இது எவ்வளவு கடினம் என்பதைத் தொழிலில் இருந்தவர்களே அறிவர். விரல் தன்னாலே ‘அங்கே’ என்று அடிக்கிறது. ‘வந்தனாங்கள்’ என்பதை ‘வந்தோம்’ ஆக்கிவிட்டு, மறுபடி அழித்து எழுதுகிறேன். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கிறது. பதிவின் நடுவே அவருக்குக் கனடாவிலிருந்து மகளின் அழைப்பு வருகிறது. “உங்கை பனி கொட்டுதோ?” என்று கேட்கிறார். ‘அங்கே’ என்று எழுதினால் மகள் தொலைவில் போய்விடுகிறாள். உங்கை என்றால் மகள் நிற்கும் இடம். அந்த ஒரு சொல்லை மாற்றாமல் எழுதிவிட்டுச் சற்றுநேரம் கைகட்டி இருந்தேன்.

அது முடிந்ததும் என் பழைய ஒலிநாடாக்களின் பெட்டியைத் திறந்தேன். அதிலும் ஒரு குற்றம் இருக்கிறது. 1990 இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறியும் வராது, நாடாவும் வராது. பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சான காலம். இருந்த நாடாக்களைத் திரும்பத் திரும்பப் பதிந்தோம். பழைய நேர்காணல் பத்திரிகையில் அச்சாகிவிட்டதென்றால் நாடாவை மறுபடி பாவிக்கலாம் என்பதே எங்கள் நியாயம். எழுத்து இருக்கிறதே, குரல் எதற்கு?

ஒரு நாடாவின் உறையில் ‘86, கே.கே.எஸ்., சீமெந்து’ என்று என் கையெழுத்து இருக்கிறது. போட்டுக் கேட்டேன். தொழிற்சாலை வாசலில் நாலைந்து தொழிலாளர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசுகிறார்கள். சுண்ணாம்புக் கல் அகழ்ந்த பள்ளங்களைப் பற்றி, தூசியைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் இன்றிருக்கிறார்களோ. 11 நிமிடம் சென்றதும் ஒரு ‘டக்’ ஒலி. அதன்பின் 1992 இல் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றின் அறிக்கை வாசிப்பு, நாடாவின் அந்தப் பக்கம் முடியும்வரை.

இரண்டு பகுதிகளையும் அதே செயலியிடம் கொடுத்தேன். தொழிலாளர்களின் பேச்சு முழுவதும் காங்கேயமும் கொச்சியுமாக வந்தது. அறிக்கையை ஒரு பிழையுமின்றி எழுதித் தந்தது.